காஞ்சியை விட்டுப் போனவர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

நம் மலையில் யார் வீட்டுக் கிழவியைக் கேட்டாலும் ஒரு கதை வரும். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர். சொந்த ஊர் காஞ்சிபுரம். அங்கிருந்து கிளம்பி, பெரியவர் சேர்வராயனுக்கும் நடுவர் பச்சைமலைக்கும் சின்னவர் கொல்லிமலைக்கும் போனார்கள். அவர்கள் வழிதான் நாம். எடப்புளி நாட்டில் என் ஆயா சொன்னது இது. கல்வராயன் மலைக்காரர்கள் அண்ணன் தம்பிகளை வேறு மலைக்கு மாற்றிச் சொல்வார்கள். ஆனால் காஞ்சிபுரத்தை மட்டும் யாரும் மாற்றுவதில்லை.

என்னிடம் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு பையன் இப்போது கீழ்நாட்டில் கல்லூரியில் இருக்கிறான். விடுதியில் ஒருவன் அவனிடம் கேட்டானாம்: "நீங்க காஞ்சிபுரத்துலயிருந்து வந்தவங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எப்படி பழங்குடி?" பதில் சொல்லத் தெரியாமல் எனக்குப் போன் செய்தான். அன்று இரண்டு வார்த்தை சொன்னேன். எனக்கே போதவில்லை. அந்த ஊரை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

சென்னையில் இருக்கும் தங்கை மகள்தான் ஏற்பாடு செய்தாள். காஞ்சிபுரம், மாமல்லபுரம் இரண்டையும் ஒரே நாளில் காட்டிக்கொண்டு வரும் சுற்றுலாப் பேருந்து. வழிகாட்டி உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. விடியற்காலையில் கிளம்பி ஒன்பது மணிக்கெல்லாம் காஞ்சியில் இறக்கிவிட்டார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய உடம்புக்கு அந்தச் சாலை தாலாட்டு மாதிரி இருந்தது.

வழிகாட்டி நல்ல மனிதர். ஐம்பது வயது இருக்கும். மைக்கைப் பிடித்து ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டார். கொல்லிமலை என்றதும், "ஆகாய கங்கை! மிளகு! சித்தர்கள்!" என்றார். முன் இருக்கை அம்மா திரும்பி, "நீங்க மலையாளியா? கேரளாவா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நாற்பது வருடமாகப் பதில் சொல்லிப் பழக்கம். மலையை ஆள்பவர் மலையாளி, அது தமிழ்ச் சொல், வீட்டில் பேசுவதும் தமிழ் என்றேன். "அப்படியா!" என்று முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.

முதலில் கைலாசநாதர் கோயில். மணற்கல்லில் ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது. அவன் மகன் மகேந்திரன் முன்பக்கத்துச் சந்நிதியைக் கட்டினான். சுற்றிலும் 58 சிறு சந்நிதிகள். அளவில் பெரிய கோயில் அல்ல, ஆனால் முதலாம் இராசராசன் கல்வெட்டு இதைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று சொல்கிறது. தஞ்சையில் அவன் கட்டியதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் 'பெரிய' என்ற சொல்லின் மரியாதை புரியும். கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய வழி இருக்கிறது. தவழ்ந்து உள்ளே போய் வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்றார் வழிகாட்டி. பேருந்தில் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள். என் முழங்கால் மறுபிறவிக்குச் சம்மதித்துவிட்டது. நான் தூண்களைப் பார்க்கப் போனேன்.

அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நரசிம்மவர்ம மாமல்லன் 642இல் வாதாபியைக் கைப்பற்றினான் அல்லவா? அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிவாங்கக் காரணம் இருந்தது, படையும் இருந்தது. ஆனால் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதை எடுக்காமல் சாமிக்கே திருப்பிக் கொடுத்தான். கொடுத்ததைத் தன் மொழியில் கல்லில் வெட்டியும் வைத்தான். எதிரி ஊருக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி. பிறகு அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டிய கோயிலில் காஞ்சிக் கலையின் சாயல் தெரியும் என்று சிற்பம் படித்தவர்கள் சொல்வார்கள்.

முன்வரிசைச் சிறு சந்நிதி ஒன்றில் ரங்கபதாகை என்ற பல்லவ அரசியின் பெயரும் இருக்கிறது. அவள் கட்டியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து ஏகாம்பரநாதர். 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய இராசகோபுரம், மாமரம், ஆயிரங்கால் மண்டபம். பிறகு காமாட்சியம்மன். கூட்டம் நெருக்கியது. வழிகாட்டியின் குரல் பாதி கேட்டது, பாதி தவில் சத்தத்தில் போயிற்று. இடையில் பேருந்துக்குள் அவர் சொன்னவை தெளிவாகக் கேட்டன. சீனத்து யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் வந்தது, மணிமேகலை வந்து சேர்ந்தது, அண்ணா 1909இல் பிறந்தது, நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அத்திவரதர் எழுவது, 2019இல் திரண்ட கூட்டம். எல்லாம் சரிதான். நான் கவனித்தது ஒன்று: வந்தவர்களும் பிறந்தவர்களும்தான் அவர் கதையில் இருந்தார்கள். எந்த நகரத்தில் எந்த வழிகாட்டி பேசினாலும் இப்படித்தான் இருக்கும். ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி அந்த ஊரில் யார் பேசுவார்கள்?

ஆனால் காஞ்சியை விட்டுப் போனவர்கள் கொஞ்சம் பேர் அல்ல.

மயூரசர்மன் என்று ஒருவர். 4ஆம் நூற்றாண்டு. இன்றைய கர்நாடகப் பகுதியிலிருந்து தன் குருவோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்தார். கடிகை என்றால் அக்காலத்து உயர்கல்விக் கூடம். அங்கே பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு சண்டை. அவமானம் தாங்காமல் ஏட்டை வைத்துவிட்டு வாளை எடுத்தார். ஸ்ரீபர்வதக் காட்டுக்குள் புகுந்து படை திரட்டிப் பல்லவர்களுக்கே தலைவலியாகி, கடைசியில் கதம்ப அரசை நிறுவினார். தாளகுந்தாக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. காஞ்சியில் மனம் உடைந்து காட்டுக்குப் போன ஒருவர், காட்டிலிருந்து அரசராக வெளியே வந்தார்.

சாமிகளும் போயிருக்கின்றன. 1688இல் முகலாயப் படைக்குப் பயந்து காஞ்சிக் கோயில்களின் திருமேனிகளை இரவோடு இரவாகத் தெற்கே கொண்டுபோனார்கள். வரதராசர் உடையார்பாளையம் காட்டுப் பக்கம் இருந்துவிட்டு 1710இல் திரும்பினார். திரும்பியதற்குக் கல்வெட்டு இருக்கிறது. காமாட்சியின் பொற்சிலை திரும்பவே இல்லை. உடையார்பாளையம் வழியாகத் தஞ்சாவூர் சேர்ந்து, மராட்டிய மன்னர் காலத்தில் அங்கேயே கோயில் கொண்டது. இன்றும் மேலவீதியில் பங்காரு காமாட்சி என்று இருக்கிறாள். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி அந்தக் கோயில் அர்ச்சகர்.

நம் மலைகளில் சொல்லும் கதைகளில் ஒன்று இதற்குப் பக்கத்தில் வருகிறது. கரியராமன் என்ற தெய்வத்துக்குக் காஞ்சியில் இருக்கப் பிடிக்கவில்லை. கிளம்பிவிட்டது. அதன் பின்னால் மூன்று அண்ணன் தம்பிகளும் குடும்பத்தோடு கிளம்பினார்கள் என்பது ஒரு கதை. துலுக்கர் ஆட்சி வந்தபோது கிளம்பினார்கள் என்பது இன்னொரு கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டபோது நம் காஞ்சிக் கதைகளையும் எழுதி வைத்தார். ஆக, எழுத்தில் அவை ஏறி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் எழுதியவர் நம்மவர் அல்ல.

காமாட்சியம்மன் கோயில் முடிந்ததும் பட்டுக்கடை. முக்கால் மணி நேரம் என்று அறிவித்தார் வழிகாட்டி. இந்தச் சுற்றுலாக்களில் கோயிலுக்கு அரை மணி, கடைக்கு முக்கால் மணி. அது எழுதாத சட்டம். தங்கை மகளிடம், "நீ புடவையைப் பாரு, நான் ஒரு கோயிலைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றேன். "தனியாவா பெரியம்மா?" என்று அவளும் கூடவே வந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து வைகுண்டப் பெருமாள் கோயில் போனோம். பேருந்துக்காரர்கள் பட்டியலில் அது இல்லை.

ஆள் நடமாட்டம் இல்லாத கோயில். இரண்டாம் நந்திவர்மன் என்ற பல்லவமல்லன் 8ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே சிங்கத்தூண்கள் தாங்கும் சுற்றுமண்டபம். அதன் சுவர் முழுக்க இரண்டு வரிசையாகச் சிற்பங்கள். இவை புராணம் அல்ல, வரலாறு. பல்லவர் குலக்கதையை முதலிலிருந்து கல்லில் செதுக்கி, சில இடங்களில் கீழே விளக்கமும் வெட்டியிருக்கிறார்கள். மணல் உதிர்ந்து பல முகங்கள் மழுங்கிவிட்டன. இவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்து எழுதியவர் சி. மீனாட்சி என்ற பெண். 1905இல் பிறந்தவர். பல்லவர் கால ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றி அவர் எழுதிய நூல் 1938இல் வந்தது. 1940இல் இறந்துவிட்டார். இந்தச் சிற்பங்களைப் பற்றிய அவருடைய ஆய்வைத் தொல்லியல் துறை மறு ஆண்டு வெளியிட்டது. என் மாணவிகளுக்கு இவர் பெயரைச் சொல்லாமல் நான் வரலாற்றுப் பாடம் நடத்தியதில்லை.

அந்தச் சுவரில் உள்ள கதை இதுதான். இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்தான். நாடு தலையில்லாமல் நின்றது. ஊர்ப் பெரியவர்களும் கடிகையாரும் சேர்ந்து, பல்லவரின் வேறொரு கிளையில் வந்த இரணியவர்மனிடம் போய் ஓர் அரசனைக் கேட்டார்கள். இரணியவர்மனுக்கு நான்கு பிள்ளைகள். ஒவ்வொருவராகக் கேட்டான். மூத்த மூவரும் மாட்டோம் என்றார்கள். கடைசிப் பிள்ளை பல்லவமல்லனுக்கு வயது பன்னிரண்டு. நான் போகிறேன் என்றான். தகப்பனுக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் தேற்றினார்கள். பையன் மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் தாண்டிக் காஞ்சிக்கு வந்து சேர்ந்தான். முடிசூட்டினார்கள்.

பன்னிரண்டு வயது என்றால் நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு. விடுதியில் சேர்த்துவிட்டுத் தகப்பன்மார் கேட்டருகில் நின்று கண்ணைத் துடைப்பதை எத்தனை ஜூன் மாதம் பார்த்திருக்கிறேன். அந்த இரணியவர்மன் சிற்பத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

காசாக்குடிச் செப்பேட்டைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். இந்தப் பையன், சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்தவன். பீமவர்மனிலிருந்து எண்ணினால் ஆறாவது தலைமுறை. மூத்தவன் கிளை காஞ்சியில் ஆண்டது. இளையவன் கிளை வெளியே இருந்தது. அவர்கள் இருந்த இடம் கடல் கடந்த நாடு என்றுகூடச் சில அறிஞர்கள் கருதுகிறார்கள். எங்கே இருந்தாலும், நாம் பல்லவர், நமக்கு ஊர் காஞ்சி என்பதை ஐந்து தலைமுறை மறக்காமல் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். கேட்டு வந்தபோது ஒரு பிள்ளையை அனுப்ப முடிந்தது.

"நம்ம கதை மாதிரியே இருக்கே பெரியம்மா, அண்ணன் தம்பி, மலை, காடுன்னு" என்றாள் தங்கை மகள். ஆமாம், ஆனால் திசை எதிர். அவன் மலை தாண்டி உள்ளே வந்தான், சுவர் கிடைத்தது. நம்மவர்கள் மலை ஏறி வெளியே போனார்கள், ஆயாக்களின் வாய்தான் கிடைத்தது.

இப்போது அந்த மாணவனுக்கு என் பதில். விரிவாகவே சொல்கிறேன், அப்பா.

முதலாவது, நம் மலை யாரும் வந்து திறந்து வைத்த வெற்றுமலை அல்ல. வல்வில் ஓரி இங்கே ஆண்டதையும், மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததையும் சங்க நூல்கள் சொல்கின்றன. காஞ்சியில் மகேந்திர பல்லவன் இருந்த காலத்து அப்பர், நம் அறப்பள்ளியைத் தேவாரத்தில் பெயர் சொல்கிறார். காஞ்சியிலிருந்து மூன்று பேரோ முந்நூறு பேரோ வந்திருக்கலாம். வந்தபோது மலையில் சனம் இருந்தது.

இரண்டாவது, கதையை முழுவதும் கேட்க வேண்டும். இன்னொரு வடிவத்தில், மூவரும் வேட்டைக்குப் போய் வெகுநாள் திரும்பவில்லை. செத்துவிட்டார்கள் என்று நினைத்துக் காஞ்சியில் இருந்த மனைவிமார் சடங்கு செய்து முடித்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது கதவு திறக்கவில்லை. மூவரும் மலைக்கே போய் வேறு குலத்துப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி வேடர் மகள் என்கிறது கதை. அப்படியானால் நாம் காஞ்சியின் பிள்ளைகள் மட்டுமா? அந்தத் தாய்மாரின் பிள்ளைகளும்தானே? அண்ணன் தம்பி மூவருக்கும் பெயர் இருக்கிறது. மூன்று பெண்களுக்குக் கதையில் குலம் இருக்கிறது, பெயர் இல்லை. ரங்கபதாகைக்குக் கல்லில் இடம் கிடைத்தது. நம் முதல் தாய்க்கு நாவில்கூடக் கிடைக்கவில்லை. காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லும் ஆண்பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்றாவது, பழங்குடி என்பது முதலில் வந்தவர் யார் என்ற ஓட்டப்பந்தயம் அல்ல. 1965இல் லோகூர் குழு சொன்ன அளவுகோல்கள் தனிப் பண்பாடு, ஒதுங்கிய நிலப்பகுதி, வெளியாரோடு பழகத் தயக்கம், பின்தங்கிய நிலை, 'ஆதிகால இயல்புகள்' என்பவை. கடைசிச் சொல் எனக்குப் பிடிக்காத சொல். சாமையும் தினையும் விதைத்து, தெய்வத்தைக் கேட்டு, நாட்டுப் பெரியவர்களை வைத்து வழக்குத் தீர்த்தவர்களிடம் எது ஆதிகாலம்? இருந்தாலும், அந்த அளவுகோல்களில் எங்கும் 'பூர்வீகம் எந்த ஊர்' என்ற கேள்வி இல்லை.

நான்காவது, பட்டியல் எழுதப்பட்ட விதத்தையும் பார். மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சேலம், தருமபுரி, திருச்சி, வடஆர்க்காடு, தென்னார்க்காடு, புதுக்கோட்டை என்று மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்ததால் நமக்குச் சான்றிதழ் உண்டு. பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து இப்போது ஈரோட்டில் இருக்கும் பர்கூர், கடம்பூர் மலையாளிகளுக்கு இல்லை. அதே பெயர், அதே சனம். மாவட்ட எல்லைக் கோடு எங்கே போயிற்று என்பதை வைத்து அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்புச் சலுகை இல்லை. ஆண்டுக்கணக்காக மனுக் கொடுக்கிறார்கள். விடுதியில் உன்னைக் கேட்டவனிடம் இதைச் சொல். காஞ்சிக் கதையால் யாரும் பழங்குடி ஆகவும் இல்லை, ஆகாமல் போகவும் இல்லை. ஒரு காகிதத்தில் ஒரு மாவட்டப் பெயர் இருந்ததும் இல்லாததும்தான் காரணம்.

பட்டுக்கடைக்கு நாங்கள் திரும்பியபோது எல்லோரும் பைகளோடு பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி, "எங்கேம்மா போயிட்டீங்க?" என்றார். சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அந்தக் கோயிலைச் சேர்க்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசைம்மா, நேரம் பத்தாது" என்றார். அவரிடம் நம் மூன்று அண்ணன் தம்பிகள் கதையைச் சொன்னேன். இருபது வருடமாகக் காஞ்சிக்கு ஆட்களைக் கூட்டிவருகிறாராம், கேள்விப்பட்டதில்லை என்றார். செங்கல்பட்டு தாண்டும்போது மைக்கை எடுத்து, "காஞ்சிபுரத்துலயிருந்து கொல்லிமலைக்குப் போன சனத்தோட கதை ஒண்ணு இருக்கு, அம்மா சொல்லுவாங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டார். நாற்பது பேர். வகுப்பறை அளவுதான். கதவு திறக்காத கதை வரை சொன்னேன். முன் இருக்கை அம்மா, "திறந்திருக்கலாம் பாவம்" என்றார். பின்னால் ஒரு பெரியவர், "சடங்கு முடிஞ்ச பிறகு எப்படித் திறப்பாங்க?" என்றார். மாமல்லபுரம் வரும்வரை அதுதான் பேச்சு.

மாமல்லபுரத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் கடற்கரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.

ஒரு வேலை கொடுக்கிறேன். ஆடியில் ஓரி விழாவுக்கு மலைக்கு வருவீர்கள். அப்போது வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் இந்தக் கதையைக் கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். எந்த அண்ணன் எந்த மலை, கூட வந்த சாமி எது, கட்டிக்கொண்ட பெண்கள் யார், பெயர் தெரியுமா என்று கேளுங்கள். இடையில் குறுக்கே பேசாதீர்கள், திருத்தாதீர்கள். வளப்பூர் நாட்டில் ஒரு மாதிரியும் குண்டூர் நாட்டில் ஒரு மாதிரியும் இருக்கும், இருக்கட்டும். பச்சைமலை, சேர்வராயன், பர்கூர் பக்கம் சம்பந்தம் செய்தவர்கள் அங்கேயும் கேளுங்கள். எனக்கு அனுப்பும்போது சொன்னவருடைய ஊர், நாடு, வயது மூன்றையும் மறக்காமல் எழுதவும். கையெழுத்தில் எழுதி அனுப்புகிறவர்கள், தயவுசெய்து, ழகரத்தையும் ளகரத்தையும் பார்த்துப் போடவும்.